சாணத் தரையிலிருந்து சலவைக்கல் வரை

மலையகத்து லயங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கூரையைப் பற்றியே எழுதுவர். காற்றில் பறந்த தகரம், மழைக்கு ஒழுகும் தகரம், தீக்கிரையான லயத்தின் கரிந்த மரங்கள் என்று பத்திரிகைகளில் செய்தியானது எப்போதும் கூரைதான். தரை செய்தியானதில்லை. ஆயினும் ஒரு குடும்பம் தான் வாழும் வீட்டை எவ்வளவு காலத்துக்குத் தன்னுடையதாகக் கருதுகிறது என்பதை அறிய விரும்புபவர் கூரையைப் பார்க்கக் கூடாது. குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். மழை வந்தால் கூரையை எவரும் மாற்றித்தான் ஆக வேண்டும். தரைக்குச் செலவழிப்பதோ அங்கேயே இருக்கப்போகிறோம் என்ற நம்பிக்கை உள்ளவர் மட்டுமே செய்யும் காரியம்.

கடந்த சில ஆண்டுகளில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதிகளைச் சேர்ந்த நண்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "புதிதாக வீடு கட்டுகிறோம். மாபிள் போடலாமா? எந்தக் கல் நல்லது?" கொழும்பில் இருப்பவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்ற எண்ணம் அவர்களுக்கு. கல்லைப் பற்றிய இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், சற்றுத் தூரம் சென்றதும் அது மண்ணைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. அதனால் முதலில் வரலாற்றைக் கூறி, பின்னர் கல்லுக்கு வருகிறேன்.

மலைக்குள் இருந்த பளிங்கு

மாபிள் என்றதும் நமக்கு இத்தாலியின் கராராவும், தாஜ்மகாலுக்குக் கல் தந்த ராஜஸ்தானத்து மக்ரானாவும் நினைவுக்கு வருகின்றன. இலங்கையின் மத்திய மலைநாட்டுக்குள்ளேயே சலவைக்கல் படைகள் இருப்பதைப் பலர் அறியார். மாத்தளை, திகன, பலாங்கொடை முதலிய பகுதிகளில் இப்படைகள் நிலத்துக்கு மேலேயே தலைகாட்டுகின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புப் படிவாக இருந்தது, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பளிங்காக மாறிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இதனோடு ஒப்பிட்டால் வயதில் மிக இளையது.

இந்தப் பளிங்கை அறிவியல் முறையில் ஆராய்ந்து எழுதிய முன்னோடி ஒரு தமிழரின் மகன். பிற்காலத்தில் கலை வரலாற்று ஆசிரியராக உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி, தொடக்கத்தில் ஒரு நிலவியலாளர். இலங்கையின் பளிங்குச் சுண்ணக்கற்களைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 1902இல் லண்டன் நிலவியல் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக அவர் இருந்தார். கல்லைத் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்களில் அலைந்த அந்த ஆண்டுகளில்தான் கைவினைஞர்களின் கலை அவர் கண்ணில் பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

நாட்டின் பண்டைய சிற்பிகள் இக்கல்லை அறிந்திருந்தனர். மொனராகலை மாவட்டத்து மாலிகாவிலயில் ஏறத்தாழ 11 மீற்றர் உயரமுள்ள புத்தர் சிலை இத்தகைய பளிங்குச் சுண்ணக்கல்லில் செதுக்கப்பட்டதுதான். ஆனால் பெருந்தோட்டக் காலம் இக்கல்லைப் பலகையாக அறுத்து வீட்டில் பதிக்கவில்லை. சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கியது, உடைத்துச் சல்லியாக்கியது, இன்னொரு பெரும்பகுதியை அரைத்துப் பொடியாக்கியது.

அந்தப் பொடியைத் தோட்டத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிவர். டொலமைட் என்று அவர்கள் கூறுவது அதனைத்தான். தேயிலை அமிலத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி என்றாலும், ஆண்டுக் கணக்கில் இரசாயன உரம் இட்ட மண் அளவுக்கு மீறிப் புளித்துவிடுகிறது. அதைச் சமன்செய்யவும் செடிக்கு மக்னீசியம் கிடைக்கவும் கவ்வாத்து வெட்டும் காலத்தை ஒட்டி டொலமைட் தூவப்படுகிறது. மூட்டையைச் சுமந்து மலையேறி, கைகளால் அள்ளி வீசி, தலைமுதல் கால்வரை வெண்மையாகி லயத்துக்குத் திரும்பிய தொழிலாளர் சுமந்தது வேறெதையுமல்ல, பளிங்கைத்தான். தேயிலையின் வேருக்குப் பளிங்கு இட்டவரின் வீட்டுத் தரையோ மண்ணாக இருந்தது.

காம்பராவின் தரை

1824இல் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். தொடர்ந்து வந்த பத்தாண்டுகளில் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தொழிலாளர் திரள்திரளாக வந்தனர். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து அவர்கள் மலைநாட்டைத் தொட்ட இடம் மாத்தளை. அறியாமலே பளிங்குப் படைகளின் மீது காலடி வைத்துத்தான் அவர்கள் மலையேறினார்கள்.

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் தங்கிச் செல்பவர்களாகக் கருதப்பட்டனர். தங்கிச் செல்பவனுக்குக் கூடாரம் போதும் என்ற எண்ணமே லயத்தின் அடிப்படை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிர். தொழிலாளர் குடும்பத்துடன் நிரந்தரமாகத் தங்கினர். வாழ்க்கை நிரந்தரமான பின்பும் வீடு கூடாரத்தின் இலக்கணத்திலேயே நின்றுவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, அதன் முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. உறக்கமும் சமையலும் பிள்ளைப்பேறும் மரணமும் அந்த 120 சதுர அடிக்குள் நடந்தன.

அதன் தரை இடித்து இறுக்கிய மண். பெண்கள் அதனைச் சாணத்தால் மெழுகினர். லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுப்பட்டியிலிருந்து சாணம் வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் மெழுகல். தீபாவளி, பொங்கல் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பும் சேர்ந்துகொள்ளும். சாணம் மெழுகிய தரையை இழிவாக எண்ணுவதற்கில்லை. தஞ்சையிலும் மதுரையிலும் அதே தரையில்தான் அவர்கள் பிறந்தார்கள். வெயில் காய்ந்த ஊரில் அது குளிர்ச்சி தந்தது. ஆனால் நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில், மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த மலைச் சரிவில், அதே தரை ஒருபோதும் உலரவில்லை. சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் கட்டப்பட்ட லயத்துக்குள் பின்புற மண்ணிலிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது. சாக்கையும் பாயையும் விரித்து அதன்மேல் உறங்கினர்.

வெறுங்காலும் ஈரமண்ணும் சேர்ந்த இடத்தில் கொக்கிப்புழு வந்தது. அசுத்தமான மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து இரத்தத்தைக் குடிக்கும் புழு அது. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில்தான் தொடங்கியது. இரத்தசோகையால் சோர்ந்த தொழிலாளி அதிகம் உழைக்க மாட்டான் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. மருந்து வந்தது, கழிப்பறைகள் மெல்ல வந்தன, தரை அப்படியே இருந்தது.

அதே தோட்டத்தின் உச்சியில் துரையின் பங்களா இருந்தது. பல பழைய பங்களாக்களில் அறைகளுக்கு மரப்பலகைத் தரை. பலகைக்குக் கீழே காற்றோடுவதற்கு இடைவெளி, அறைக்குள் கணப்பு. குளிர் நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் குளிரில் எப்படி வீடு கட்டுவது என்பது தெரிந்திருந்தது. வெளி விறாந்தையில் சிவப்புச் சீமெந்து. அதற்கு மெழுகு பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலால் உருட்டித் தேய்த்து முகம் தெரியும்படி மினுக்குவது பங்களா வேலையாளின் காலைக் கடமை. மினுக்கிவிட்டு அவர் திரும்பிச் சென்றது சாணத் தரைக்கு.

இவ்விடத்தில் இன்னொரு தரையையும் நினைத்துப் பார்க்கலாம். இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளில் வணிகமும் கொடுக்கல் வாங்கலும் நடத்திப் பொருளீட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் கட்டிய மாளிகைகளில் இத்தாலிய மாபிள் பதித்தார்கள். உள்ளூரில் வார்த்த ஆத்தங்குடிக் கற்களால் கூடங்களுக்கு வண்ணம் சேர்த்தார்கள். ஒரே கடலைக் கடந்த இரு பிரிவுத் தமிழர். ஒரு சாராருக்குத் திரும்பிச் செல்ல ஊரும் அங்கே சொந்த நிலமும் இருந்தன. மறு சாரார் உழைத்த இடத்தில் அவர்களுடையது என்று ஒரு கைப்பிடி மண்ணும் இல்லை.

காத்திருந்தவர்களின் வீடு

லயம் தோட்டத்தின் சொத்து. தோட்டம் துரையின் ஆட்சிக்குட்பட்டது. லயத்துக்கு வரும் விருந்தினரே அத்துமீறி நுழைந்தவராகக் கருதப்படக்கூடிய காலம் ஒன்று இருந்தது. பத்திரிகையாளரும் தொழிற்சங்க முன்னோடியுமான கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்றது இதனால்தான். ஒரு மனிதன் தன் வாசலில் இன்னொருவரை நிறுத்திப் பேசுவதற்கும் உரிமை இல்லாத வீட்டில், தரையை யார் போடுவார்கள்?

1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கிராம விஸ்தரிப்புக்காக எடுத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்த தொழிலாளரை வெளியேறும்படி கூறியது. மறுத்தவர்கள்மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. மலையகமெங்கும் வேலைநிறுத்தம் பரவியது. தாம் பண்படுத்திய மண்ணிலேயே தாம் அத்துமீறியவர்கள் என்ற செய்தி அன்று ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அதன் பின்னர் மலையகத்தில் ஒரு தலைமுறை முழுவதும் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தது. 1970களின் பஞ்சமும், 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களும் காத்திருந்தவர்களைத் துரத்தின. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பம் தரைக்கு ஒரு மூட்டைச் சீமெந்து வாங்குமா?

போனவர்களுக்கும் தரை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீயாக வளர்ந்தது. அங்கும் தோட்டக் குடியிருப்புதான். வேலை முடிந்தால் வீடும் முடியும் என்ற அதே விதிதான். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில், 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகையாகப் பெறப்பட்ட காட்டில் தேயிலை வளர்த்த குடும்பங்கள், குத்தகை முடியுமுன்னே 2024இல் விருப்ப ஓய்வுப் படிவத்தின்முன் நிறுத்தப்பட்டன. நான்கு தலைமுறைக்குப் பிறகும் அவர்கள் வீட்டுத் தரை குத்தகைத் தரையாகவே இருந்தது.

சீமெந்தும் டைல்ஸும்

மண் தரை மறைந்தது ஒரே நாளில் அன்று. இருபதாம் நூற்றாண்டில் தோட்டத்துக்குத் தோட்டம், லயத்துக்கு லயம் என்று சீமெந்து மெல்லப் பரவியது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இதில் பெரும் பங்கு வகித்தது. 1990இல் யுத்தம் அதனை மூடும்வரை யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் பொடியாகித் தெற்கே வந்துகொண்டிருந்தது. தோட்டங்கள் 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் கைமாறியது. அதே ஆண்டில் தோட்ட வீடமைப்புக்கென உருவான நிதியம் பிற்காலத்தில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாயிற்று. தனி வீடுகள் சிறுசிறு தொகையாக எழுந்தன. 1988, 2003 ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமைப் பிரச்சினைக்கு முடிவு கட்டின.

அதன் பிறகுதான் தரையில் மாற்றம் வந்தது. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்களும், கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் உழைத்த இளைஞரும் அனுப்பிய பணம் லயங்களுக்கு வந்தது. அவர்கள் உழைத்த இடங்களில் மாபிள் தரையைத் துடைத்தவர்கள். வீடு என்பதற்கு அவர்கள் மனத்தில் பதிந்த அடையாளம் அந்தத் தரை.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், தகரக் கூரையும் புகை படிந்த சுவரும் கொண்ட லயக் காம்பரா ஒன்றில் பளபளக்கும் வெண்ணிற டைல்ஸ் பதித்திருந்ததைக் கண்டேன். குவைத்தில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த பெண்மணி அவர். இரு வீட்டுக்கும் பொதுவான சுவர். அவருக்குச் சொந்தமில்லாத காம்பரா. இதில் ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டேன்.

"நாளைக்கு எழும்பச் சொன்னா பேத்துக்கிட்டா போக முடியும்னு வீட்டுக்காரரும் கேட்டாருங்க ஐயா. சொல்றப்போ பாத்துக்கலாம், அதுவரைக்கும் புள்ளைக உக்காந்து படிக்கட்டும்னு போட்டுட்டேன்" என்றார்.

கொழும்பில் வீட்டு அலங்காரம் பற்றிப் பேசுவோர் இதனை ஆடம்பரம் என்பர். அப்பெண்மணியின் பதிலில் ஆடம்பரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. காணி உறுதி எழுதித் தர எவரும் முன்வராத நிலையில், தம் கைப்பணத்தால் தாமே எழுதிக்கொண்ட உறுதி அது. சட்டத்தின் முன் அதற்கு மதிப்பில்லை என்பதே அதன் துயரம்.

கல் வாங்கும் முன்

இனி, நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். மலைநாட்டில் இயற்கை மாபிள் பதிக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, கடையில் மாபிள் என்று கூறி விற்கப்படுவனவெல்லாம் மாபிள் அல்ல என்பது. பெரும்பாலானவை மாபிளின் கோலம் அச்சிட்ட போர்சலின் டைல்ஸ். திருப்பிப் பார்த்தால் அடியில் தொழிற்சாலை வார்ப்பின் வரிகள் இருக்கும். உடைந்த விளிம்பைப் பார்த்தால் மேலே உள்ள கோலம் உள்ளே தொடராது. இயற்கைக் கல்லின் நரம்போ கல்லின் உடலுக்குள் ஊடுருவிச் செல்லும். உடைந்த துண்டில் ஒரு சொட்டு வினாகிரி விட்டால் மாபிள் நுரைக்கும். போர்சலின் சும்மா இருக்கும். டொலமைட் வகைக் கல்லாயின் நுரை மெதுவாகவே வரும். சுரண்டிப் பொடியாக்கி விட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையே மாபிளின் பலவீனத்தையும் கூறிவிடுகிறது. வினாகிரிக்கு நுரைக்கும் கல் தேசிக்காய்க்கும் புளிக்கும் தக்காளிக்கும் பொறுக்காது. விழுந்த இடத்தில் மினுக்கம் போய் வெளிறிய தழும்பு நிற்கும். ஆகவே குசினிக்கு மாபிள் வேண்டாம். மணற்பருக்கையைவிட மாபிள் மென்மையானது. கொழுந்து மலையிலிருந்து வரும் செருப்பில் ஒட்டிய மண் அதனைக் கீறும். வாசலில் தும்புக் கம்பளம் அவசியம். கண்ணாடிபோல் மினுக்கிய கல் ஈரக் காலுக்கு வழுக்கும். மழை நாட்டின் முன்னறைக்கும் இஸ்தோப்புக்கும் மினுக்காமல் மழமழப்பாக மட்டும் தேய்த்த கல்லே பொருத்தம்.

அடுத்தது குளிர். மரப்பலகையைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கல் வெப்பத்தைக் கடத்துகிறது. காலின் சூட்டை அது இழுத்துக்கொள்வதையே நாம் 'கல் சில்லென்றிருக்கிறது' என்கிறோம். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அது வரம். தை, மாசியில் புல்லின்மீது உறைபனி படியும் நுவரெலியாவில், மூட்டுவலியுள்ள தாயார் உறங்கும் அறையில் அது வரமல்ல. துரைமார் பலகை பதித்ததன் காரணத்தை நாமும் கற்றுக்கொள்ளலாம். விருந்தினர் வரும் முன்னறையில் மாபிள் பதித்து, உறங்கும் அறைகளை வேறு வகையில் அமைப்பதே அறிவுடைமை. மழைக்காலத்தில் ஈரக்காற்றுப் பட்டுக் கல் வியர்ப்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

பாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள மாபிள் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. பழைய காம்பரா அளவுள்ள 120 சதுர அடி அறைக்கு 600 கிலோ. உடைவுக்கும் வெட்டுக்கும் பத்து வீதம் கூடுதலாக எடுக்க வேண்டும். லொறி நிற்கும் இடத்திலிருந்து மேட்டு வீட்டுக்கு அதனைத் தோளில்தான் ஏற்ற வேண்டும் என்பதைத் தோட்டத்தில் வாழ்பவருக்குக் கூறத் தேவையில்லை. பெட்டிகளை ஒரே தடவையில் வாங்குவது முக்கியம். அடுத்த மாதம் வரும் கல் வேறு நிறத்தில் இருக்கும். 2020இல் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோதும், 2022 நெருக்கடியில் சீமெந்து மூட்டை ஓராண்டுக்குள் ஏறக்குறைய மூன்று மடங்கு விலையானபோதும் பாதி பதித்த தரையுடன் நின்றுபோன வீடுகளைக் கண்டிருக்கிறேன்.

பதிக்கும்போது

மலைச் சரிவில் மாபிளுக்கு முதல் எதிரி கீழிருந்து ஏறும் ஈரம். கொங்கிறீட் இடுமுன் அதன் அடியில் தடித்த பொலித்தீன் விரிப்பு விரிக்கப்பட வேண்டும். வீட்டின் பின்புறக் கானில் நீர் தேங்காமல் ஓட வேண்டும். புதிய கொங்கிறீட் குறைந்தது 28 நாட்கள் இறுகட்டும். பின்னர், ஒரு சதுர மீற்றர் அளவு பொலித்தீனைத் தரையில் விரித்து நாற்புறமும் ஒட்டி ஓரிரு நாட்கள் விட்டுப் பாருங்கள். எடுக்கும்போது அடியில் நீர் கோத்திருந்தால் கல் பதிக்கும் காலம் இன்னும் வரவில்லை. அவசரப்பட்டால் ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு கல்லின் ஊடே மேலேறி வெண்பூஞ்சைபோல் பூக்கும்; வெண்கல் மஞ்சளாகும்.

கற்களை முதலில் பசையின்றித் தரையில் பரப்பி, நரம்பும் நிறமும் பொருந்துமாறு மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்க வேண்டும். வெளிர்க் கல்லுக்கு வெள்ளைப் பசையே ஏற்றது. சாம்பல் நிறச் சீமெந்து கல்லின் ஊடாகத் தெரியும். பசை கல்லின் அடி முழுவதும் படிய வேண்டும்; நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து அமுக்கும் வழக்கத்தை அனுமதிக்கக் கூடாது. பதித்த மறுநாள் தட்டிப் பார்த்தால் பொந்துச் சத்தம் கேட்கும் கல்தான் முதலில் உடையும். சுவரோரம் ஒரு சிறு இடைவெளி விட்டு வரிப்பலகையால் மறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்ததும் சீமெந்துக் கறையை அசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் மேசன்மாரிடம் உண்டு. டைல்ஸுக்கு அது பழக்கம். மாபிளுக்கு அது மரணம்.

உறுதியும் உறுதியும்

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் இரண்டு கேள்விகள் எஞ்சும். அவற்றைக் கல்லுக்கு முந்திக் கேட்க வேண்டும்.

முதலாவது, மலை உறுதியா என்பது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது; அங்கு ஆபத்து உள்ளதென அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைப் பிளந்ததை நாம் அனைவரும் கண்டோம். நகரும் சரிவில் முதலில் பேசுவது தரைதான். நேற்று இல்லாத வெடிப்பு இன்று தரையில் நீளுமானால், கதவு சட்டத்தில் இறுகுமானால், அது மேசனைக் கூப்பிட வேண்டிய நேரமன்று. வெளியேற வேண்டிய நேரம். வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பெறுவது மாபிள் விலையை விசாரிப்பதைவிட அவசரமானது.

இரண்டாவது, காணி உறுதி கையில் உள்ளதா என்பது. 2015க்குப் பின் 7 பேர்ச் காணியுடன் தனி வீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியில் தோட்டப் பகுதிகளுக்கு 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் அவ்வழியில் வந்தவை. இவ்வீடு 550 சதுர அடி கொண்டது. பழைய காம்பராவில் நான்கரை மடங்கு. ஆயினும் வீடு கிடைத்தும் பூரணமான உறுதி கைக்கு வராதவர்களும், இன்னும் லயத்திலேயே வாழும் பல்லாயிரம் குடும்பங்களும் இருக்கிறார்கள். 2023இல் மலையகம் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தபோதும் இதே கோரிக்கைதான் முன்வரிசையில் நின்றது.

எனவே நண்பர்களுக்கு நான் கூறும் விடை இதுதான். உறுதி உங்கள் பெயரில் இருந்தால், சரிவு பாதுகாப்பானதென்று எழுத்தில் பெற்றிருந்தால், முன்னறைக்குத் தாராளமாக மாபிள் பதியுங்கள். அதற்கு எவரிடமும் காரணம் கூற வேண்டியதில்லை. உறுதி இல்லாவிட்டால், சேமித்த பணத்தைக் கல்லாக்குமுன் பிரதேச செயலகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடமும் நடந்து அந்தத் தாளைக் கேளுங்கள். அதுவரை நல்ல சீமெந்துத் தரையும் ஈரத் தடுப்பும் போதும். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து படிப்பார்கள்.

அரசுக்கும் கம்பனிகளுக்கும் கூற வேண்டியது இன்னும் சுருக்கமானது. தேயிலையின் வேருக்கு எவ்வளவு டொலமைட் வேண்டும் என்று ஒவ்வொரு மலைக்கும் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அந்த மலையில் எத்தனை வீடுகளுக்கு உறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கையும் தோட்டம் தோட்டமாக வெளியிடுங்கள்.